ஜூலைக்கு யார் பொறுப்பு

மரம் வெட்டுவது என் தொழில்.
லிஸ்மோருக்கு வடக்கே, செம்மண் மேடுகளில்,
எந்த வேலிக்குள் எது சாய வேண்டும் என்று
எனக்குத் தொலைபேசி வரும்.

நெரிடா ஹாலோரன் வீட்டில் சாய வேண்டியது
கற்பூர மரம்.
நிழலுக்கென்று யாரோ கப்பலேற்றிக் கொண்டுவந்தது,
ஓடைக்கரை முழுவதையும்
தன் பெயருக்குப் பட்டா போட்டுக்கொண்டது.
கற்பூரம் எரிந்தால் சாம்பல் மிஞ்சாதாம்.
இதை வெட்டிப் பாருங்கள்,
அடிக்கட்டை ஆறு தளிர் விடும்.
வெட்ட வேண்டியதுதான். அதில் எனக்கும் அவளுக்கும்
வழக்கில்லை.

ரம்பத்தைக் கிளப்பக் கயிற்றை இழுத்தேன்.
கொண்டைப் புறாக்கள், இருநூறாவது இருக்கும்,
சாம்பல் நிறக் கூரையொன்று கழன்றதுபோல் எழுந்து
வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றி
அதே மரத்தில் வந்து பொருந்தின.
நெரிடா கை காட்டினாள்: நிறுத்து.

ஜூலை. இங்கே அது குளிர்காலம்.
"இதை எடுத்துவிட்டால்
இவை இன்று மாலை எதைத் தின்னும்?"
வெட்டுக்கூலியில் அந்தக் கேள்வி அடங்காது.
வந்துபோன செலவுக்கு
நாற்பது டாலர் தந்தாள்.

மறுமுறை போனபோது
குளிர்சாதனப் பெட்டிக் கதவில்
இறைச்சிக்கடைக்காரன் கொடுத்த காலண்டர்.
மாதங்களின் மேல் மரங்களை எழுதியிருந்தாள்.
பிப்ரவரிக்குச் சொரசொரப்பு அத்தி,
உப்புத்தாள் இலை, கையைக் கீறும்.
மார்ச் தொடங்கி நீலக்காய், உருத்திராட்சத்தின் உடன்பிறப்பு;
சதை பெயருக்குத்தான், எல்லாம் கொட்டை.
வொம்பூ புறா அப்படியே விழுங்கும்.
டிசம்பருக்கு நாவலின் சொந்தக்காரி ஒருத்தி.
செப்டம்பர் காலி.
அக்டோபரில் ஒரு கேள்விக்குறி.
ஜூலையில் எழுதி, அழித்து, எழுதி
தாள் ஓட்டையாகியிருந்தது.

"டிசம்பரில் விருந்து வைக்க
யாரால்தான் முடியாது," என்றாள்.
முப்பது வருஷம் மருத்துவமனைச் சமையலறையில்
இரவு வேலை பார்த்தவள்.
விடிகாலை மூன்று மணிப் பசி
எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

நாற்றுப்பண்ணை டாரில் இரண்டு பெயர் சொன்னான்.
மலைவேம்பு: இலையெல்லாம் உதிர்ந்த பின்னும்
மஞ்சள் மணிகளைக் கழற்றாமல் நிற்கும்.
லில்லிப்பில்லி: குளிர் முற்ற முற்ற
வெளிர் ஊதாவில் கொத்துக் கொத்தாக.
"காய்க்க ஐந்து வருஷம். சிலது எட்டு.
சிலது மனசு வைத்தால்."

அப்போதுதான் அந்த ஒப்பந்தத்தைப் போட்டாள்:
புதியது ஒன்று காய்த்தால்
பழையதில் ஒரு கிளை.
என் கூட்டாளி சிரித்தான்: "தவணை முறைக் கொலை."

முதல் வரிசையை வாலபி மேய்ந்தது.
இரண்டாவதை உறைபனி கருக்கியது.
மூன்றாவதில், ஒரு கன்றின் மேல்
கிளையைத் தள்ளியவன் நானே.
ஒரு வாரம் என் அழைப்பை அவள் எடுக்கவில்லை.
அதற்கப்புறம் நான் கிளைகளைக்
கயிறு கட்டி இறக்கினேன்,
தூளியில் கிடத்துவதுபோல. கூடுதல் கூலி கேட்கவில்லை.
ஏனென்று என் மனைவி கேட்டாள்.
டீசல் விலையைப் பற்றிப் பேசினேன்.

இது ஒன்பதாவது ஜூலை.
கற்பூர மரத்தில் மிச்சம் மூன்று கிளை.
அவள் வாசலில் வண்டியை நிறுத்தி
ஒரு டீ குடித்து வருவதற்குள்
முன்கண்ணாடி முழுக்க எச்சம்.
துணியை எடுத்தேன்.
"இரு," என்று பல்குச்சியோடு வந்தாள்.

கிளறினாள்.
கறுப்பு. கறுப்பு. கறுப்பு.
எல்லாம் கற்பூர விதை, பதினொன்று.
பன்னிரண்டாவது வெளிறிப்போய், கொஞ்சம் பெரியதாக,
அவள் நட்டதில் ஒன்றிலிருந்து வந்தது.
அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள்.
நான் எதையாவது சொல்லியிருக்க வேண்டும்.
பதினொன்றைக் கழித்தால் என்ன மிச்சம் என்று
மனசு கணக்கில் போய்விட்டது.

"இன்றைக்கு எந்தக் கிளை?" என்றேன்.
மேலே பார்த்தாள். எல்லாக் கிளையிலும் புறா.
"அடுத்த வருஷம் வா."

ரம்பத்தை வண்டியில் ஏற்றினேன்.
ஓட்டுநர் பக்கம் மட்டும் துடைத்துக்கொண்டு
கிளம்பினேன்.